அறுவடையோடு அலைந்த பிள்ளைகள்

ஒரு பிள்ளைக்குப் பாடசாலை ஆண்டு எப்போது ஆரம்பமாகிறது? அமெரிக்காவில் இதைக் கேட்டால், ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் முதற்பகுதியில் என்ற பதில் வரும். ஆனால் அந்த நாட்டின் வயல்களில் பழம் பறிக்கவும் களை கொத்தவும் மெக்சிக்கோவிலிருந்து போன கூலித் தொழிலாளியின் வீட்டில் கேட்டால் பதில் வேறு. "முந்திரிகை முடிந்த பிறகு" என்பான் தம்பி. "பருத்தி முடிந்த பிறகு" என்பான் அண்ணன். கலிபோர்னியாவில் முந்திரிகை வேலை முடியும்போது நவம்பர் பிறந்துவிடும். பருத்தி முடியும்போது பெப்ரவரியாகிவிடும்.

இது நாம் கற்பனையாகச் சொல்வதல்ல. பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்பவர் 1943இல் மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் பிறந்தவர். நான்கு வயதில் பெற்றோரோடு எல்லையைக் கடந்து கலிபோர்னியாவுக்கு வந்தார். தன் பிள்ளைப் பருவத்தை ஆதாரமாகக் கொண்டு அவர் எழுதிய சிறுகதைகள் 1997இல் 'த சேர்கிட்' என்ற பெயரில் நூலாக வெளிவந்தன. சுற்றுப்பாதை என்பது அதன் பொருள். ஸ்ட்ரோபெரி பறிக்க ஓர் ஊர், முந்திரிகை பறிக்க இன்னோர் ஊர், பருத்தி பறிக்க மற்றோர் ஊர், மறுபடியும் ஸ்ட்ரோபெரி என்று ஆண்டுதோறும் ஒரே வட்டத்தில் சுற்றிய குடும்பத்தின் கதை அது.

அந்நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நவம்பரில் புதிதாக ஒரு பாடசாலைக்குப் போகிறான் சிறுவன். முதல் நாள் வாசிக்கச் சொன்னபோது வாய் வரண்டு போகிறது. ஆசிரியர் நல்லவர். மதிய இடைவேளைகளில் அவனுக்குத் தனியாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு நாள், எக்காளம் வாசிக்கவும் பழக்குகிறேன் என்கிறார். அந்த மகிழ்ச்சியை வீட்டில் சொல்ல ஓடி வருகிறான். கதவைத் திறந்தால், வீட்டுச் சாமான்கள் எல்லாம் காட்மட்டைப் பெட்டிகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தப் பெட்டிகளின் பொருளை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பசியும் வெயிலும் கடினந்தான். ஆயினும் அவற்றிலும் பார்க்கக் கடினமானது, ஓரிடத்தில் வேர் விடத் தொடங்கும்போதே பிடுங்கப்படுவது. அந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள், எது அவர்களைக் கெடுத்தது, எது சிலரைத் தூக்கிவிட்டது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

கை மட்டும் போதும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க ஆண்கள் படைக்கும் யுத்தத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, வயல்களுக்கு ஆள் இல்லாமற் போயிற்று. 1942 ஆகஸ்டில் அமெரிக்காவும் மெக்சிக்கோவும் ஓர் உடன்படிக்கை செய்தன. மெக்சிக்க ஆண்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் வந்து வேலை செய்து திரும்பிப் போகலாம் என்பது ஏற்பாடு. அவர்களுக்கு 'பிரசெரோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'பிராசோ' என்றால் கை. கையால் உழைப்பவன் என்று பெயர் வைத்தார்கள். உண்மையிலும் கை மட்டுமே அழைக்கப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் அழைக்கப்படவில்லை. யுத்தம் முடிந்த பின்னரும் இத்திட்டம் 1964 முடியும்வரை நீடித்தது. அந்த 22 ஆண்டுகளில் 45 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன.

ஆகவே அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்குத் தகப்பன் என்பவர் ஒரு கடிதமும் ஒரு காசுக் கட்டளையும்தான். ஊரில் தாயும் பாட்டனும் சோளக் காணியைப் பார்த்துக்கொண்டார்கள். தகப்பன் வந்து போன பிறகுதான் தகப்பனின் முகம் பிள்ளைக்குப் பழக்கமாகும். பழகியதும் அடுத்த ஒப்பந்தம் வந்துவிடும்.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் இவர்களின் சம்பளத்தில் பத்திலொரு பங்கு சேமிப்பு என்று கழிக்கப்பட்டு மெக்சிக்கோவுக்கு அனுப்பப்பட்டது. ஊர் திரும்பியவர்களிற் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவேயில்லை. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2005இல்தான் மெக்சிக்க அரசு அதற்கென ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. அதற்குள் பலர் இறந்துவிட்டனர். தகப்பனின் பழைய ஒப்பந்தத் தாளைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த பிள்ளைகளும் விதவைகளும் அதைக் கொண்டுபோய் உரிமை கோரினார்கள். தாள் தொலைந்தவர்களுக்கு அதை நிரூபிப்பது பெரும்பாடாயிற்று.

பயிரின் நாட்காட்டி

ஒப்பந்தத்துக்கு வெளியேயும் குடும்பங் குடும்பமாகப் பலர் போனார்கள். சிலரிடம் கடவுச்சீட்டும் அனுமதியும் இருந்தன. சிலரிடம் இருக்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் எல்லையோர ஊர்களில் வாழ்ந்த மெக்சிக்க வம்சாவளியினரிற் பலர் அங்கேயே பிறந்த அமெரிக்கப் பிரசைகள். அவர்களும் வேலைக்காக நாடெங்கும் அலைந்தார்கள்.

டெக்சாசின் கிறிஸ்டல் சிற்றி என்ற சிற்றூர் குளிர்காலத்தில் பசளிக் கீரைக்குப் பேர் போனது. வசந்தம் பிறந்ததும் அந்த ஊரின் பெரும்பகுதி வெறிச்சோடிவிடும். குடும்பங்கள் லொறிகளில் ஏறி வடக்கே போகும். மினசோட்டாவிலும் மிச்சிகனிலும் சீனி எடுக்கும் பீற்றூட் பயிரில் களை கொத்தல், பிறகு செரிப்பழம், வெள்ளரி, தக்காளி. இலை உதிர் காலத்தின் கடைசியில்தான் ஊர் திரும்புவார்கள். பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் இரண்டு மாதப் பாடத்தை முடித்திருப்பார்கள். அடுத்த ஏப்ரலில், ஆண்டிறுதிப் பரீட்சைக்கு முன்பே, இந்தப் பிள்ளைகள் மறுபடி லொறியில் இருப்பார்கள்.

இவர்களையும் வேலையையும் இணைக்க நடுவில் ஒருவர் இருப்பார். எமது மொழியில் அவரைக் கங்காணி என்று சொல்லலாம். ஆள் சேர்ப்பவரும் அவரே, வாகனம் ஏற்பாடு செய்பவரும் அவரே, கூலியைக் கையிற் கொடுப்பவரும் அவரே. பயணச் செலவு, சாப்பாடு, முற்பணம் என்று அவர் கழித்த பின் எஞ்சுவதுதான் சம்பளம். தங்குமிடம் பண்ணையாரின் முகாம். ஒற்றை அறை, பொதுக் குழாய், பொது மலசலகூடம். கூடாரத்திலும் வாகனக் கொட்டிலிலும் மாதக்கணக்கில் இருந்த குடும்பங்கள் உண்டு.

1960ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி, அமெரிக்கர் விருந்துண்டு களிக்கும் நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், எட்வர்ட் மரோ என்ற புகழ்பெற்ற செய்தியாளர் இந்த அலையும் தொழிலாளரின் வாழ்வைத் தொலைக்காட்சியில் காட்டினார். 'அறுவடையின் அவமானம்' என்று பொருள்படும் பெயர் கொண்டது அந்த நிகழ்ச்சி. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மெக்சிக்கருமாக எல்லா இனத்து ஏழைகளும் அதில் இருந்தார்கள். நேற்று மேசையில் இருந்த உணவை யார் விளைவித்தார்கள் என்று நாடு வெட்கத்தோடு பார்த்தது.

பிள்ளையின் கையும் ஒரு கை

பெற்றோர் ஏன் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப் போனார்கள்? இரக்கமில்லாமலா? இல்லை. பெட்டிக் கணக்கிலும் இறாத்தல் கணக்கிலும் கூலி கொடுக்கப்பட்டபோது, ஒவ்வொரு சிறு கையும் மாவுக்கும் அவரைக்கும் பெற்றோலுக்கும் காசு சேர்த்தது. பிள்ளையை வீட்டில் விட்டுப் போகலாம் என்றாலும், வீடு என்பது தெரியாத ஊரில் ஒரு கொட்டில். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே கைக்குழந்தை வயலோரத்து நிழலில் கிடக்கும். ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளை தாயின் சாக்குக்குள் பருத்தி பறித்துப் போடும்.

சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. 1938இல் அமெரிக்கா தொழிற்சாலைகளில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தியது. குறைந்தபட்சக் கூலியையும் நிர்ணயித்தது. ஆனால் வயல் வேலையை அப்பாதுகாப்புக்கு வெளியே விட்டது. பின்னர் வந்த திருத்தங்கள் ஓரளவு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. எனினும் இன்றும் அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை பாடசாலை நேரத்துக்கு வெளியே பண்ணையில் கூலி வேலை செய்யலாம். ஆபத்தான வேலை என்று பட்டியலிடப்பட்டவற்றுக்கு மற்றத் தொழில்களில் வயதெல்லை 18. விவசாயத்தில் 16.

அந்த வயல் வேலையின் கொடுமைக்கு ஓர் அடையாளமாக இருந்தது குட்டைப் பிடி மண்வெட்டி. 'எல் கோர்த்தீத்தோ' என்று தொழிலாளர் அதை அழைத்தனர். பிடியின் நீளம் ஓரடி, மிஞ்சினால் இரண்டடி. சலாதுக் கீரை, பீற்றூட் போன்ற பயிர்களில் நாற்றை ஐதாக்கிக் களை எடுக்க அதைக் கொடுத்தார்கள். காலை முதல் மாலைவரை முதுகை இரண்டாக மடித்தபடியே நகர வேண்டும். நிமிர்ந்தவர் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுவார். மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முப்பது, நாற்பது வயதிலேயே முதுகெலும்பு தேய்ந்துபோன தகப்பன்மாரைப் பார்த்து வளர்ந்தார்கள் பிள்ளைகள். ஹிமெனெசின் தகப்பனையும் முதுகு வலியே கடைசியில் வயலிலிருந்து வெளியேற்றியது.

நீண்ட பிடி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தொழிலாளர் கேட்டார்கள். 1965 செப்டெம்பரில் டெலானோ என்ற இடத்தில் முந்திரிகைத் தோட்டங்களில் லாரி இற்லியோங் தலைமையில் பிலிப்பீன் தொழிலாளர் வேலையை நிறுத்த, ஏறக்குறைய ஒரு கிழமையில் மெக்சிக்கத் தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்தனர். ஐந்து ஆண்டுகள் நடந்த அந்தப் போராட்டம் 1970இல் ஒப்பந்தங்களில் முடிந்தது. வயல் தொழிலாளருக்கும் வாய் உண்டு என்பதை அது காட்டியது. மருத்துவர்களின் சாட்சியங்களோடு சட்டத்தரணிகள் நடத்திய வழக்கின் பயனாக 1975இல் கலிபோர்னியாவில் குட்டைப் பிடி மண்வெட்டி தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகும் சலாதுக் கீரை விளையத்தான் செய்தது.

மருந்தடிப்பு இன்னொரு ஆபத்து. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் 1999, 2000 ஆண்டுகளில் கருவுற்றிருந்த ஏறக்குறைய 600 தாய்மாரைச் சேர்த்து ஒரு பல்கலைக்கழகம் ஆய்வொன்றை ஆரம்பித்தது. இத்தாய்மாரிற் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்து வந்த பண்ணைக் குடும்பத்தினர். ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிகொல்லிகள் கர்ப்ப காலத்தில் அதிகம் உடலில் சேர்ந்த தாய்மாரின் பிள்ளைகள், ஏழு வயதில் நுண்ணறிவுச் சோதனையில், மிகக் குறைவாகச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளை விடச் சராசரியாக ஏழு புள்ளிகள் பின்தங்கியிருந்ததாக 2011இல் வெளியான முடிவு கூறியது. மருந்து தகப்பனின் சேட்டிலும் சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. ஆகவே வயலால் வந்ததும் உடுப்பை மாற்றிக் கைகால் கழுவிய பின்பே பிள்ளையைத் தூக்க வேண்டும், வயல் உடுப்பை வேறாகவே தோய்க்க வேண்டும் என்று அங்கு சொல்லிக் கொடுக்கிறார்கள். மருந்தடிக்கும் எந்த நாட்டுக் கமக்காரருக்கும் இது பொருந்தும்.

பின் வாங்கில் இருந்த பிள்ளை

வயலில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. பழம் கனிந்ததா என்று தொட்டுப் பார்க்காமலே சொல்வார்கள். ஒரு வரிசை முடிய எத்தனை மணி ஆகும் என்று கணக்கிடுவார்கள். பாடசாலைக்குள் நுழைந்ததும் அந்த அறிவுக்கெல்லாம் விலை இல்லாமற் போயிற்று. பாதி ஆண்டில் வந்த பிள்ளை, பாசை தெரியாத பிள்ளை, மீண்டும் போகப் போகிற பிள்ளை என்று பின் வாங்கில் இருத்தப்பட்டார்கள். ஓர் ஊரில் பாதியில் விட்ட பாடத்தை மறு ஊரில் ஏற்கெனவே முடித்திருப்பார்கள். சில பாடம் இரண்டு தரம் வரும், சில பாடம் வரவே வராது. பெயரும் மாறும். பிரான்சிஸ்கோ பாடசாலையில் பிராங்க் ஆகிவிடுவான்.

தாய்மொழியே குற்றமான காலமும் இருந்தது. டெக்சாசின் மார்பா என்ற ஊரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பிளாக்வெல் பாடசாலையில் 1954இல் ஒரு சடங்கு நடந்தது. பிள்ளைகளைக் கொண்டு ஸ்பானியச் சொற்களைக் கடதாசித் துண்டுகளில் எழுதுவித்து, அவற்றை ஒரு பெட்டியில் இட்டு, கொடிக் கம்பத்தருகே புதைத்தார்கள். இனி ஸ்பானியம் பேச மாட்டோம் என்பதன் அடையாளம் அது. அங்கு படித்தவர்களே பின்னாளில் அக்கட்டடத்தைக் காக்கப் போராடினார்கள். 2022இல் இயற்றப்பட்ட சட்டம் அப்பாடசாலையைத் தேசிய வரலாற்றிடமாக ஏற்றது. புதைத்த சொற்களை நாடே தோண்டி எடுத்து மரியாதை செய்ய ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் அதே பிள்ளை மாலையில் முகாமுக்கு வந்தால் வீட்டின் நாக்கு அதுதான். கடைக்காரருடன், மருத்துவருடன், சம்பளம் கொடுப்பவருடன் தாய் தகப்பனுக்காகப் பேசுவது பத்து வயதுப் பிள்ளை. தாயின் நோயை மருத்துவருக்கு மொழிபெயர்க்க வேண்டும். கூலியில் ஏன் குறைத்தீர்கள் என்று தகப்பனின் கோபத்தைத் தணித்துச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் வெட்கத்தையும் கடனையும் பிள்ளை வேளைக்கே அறிந்துவிடுகிறது. பொறுப்பு வளர்கிறது, பிள்ளைப் பருவம் குறைகிறது.

கதவில் நின்ற அதிகாரி

தாள் இல்லாத குடும்பத்துப் பிள்ளை இன்னொரு சுமையையும் சுமந்தது. எங்கே பிறந்தாய் என்று யார் கேட்டாலும் பொய் சொல்லப் பழக்கப்பட்டது. ஹிமெனெஸ் எட்டாம் வகுப்பில் இருந்தபோது குடிவரவு அதிகாரி வகுப்பறைக்கே வந்து அவரை அழைத்துச் சென்றார். குடும்பம் முழுவதும் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. பின்னர் முறையான அனுமதியோடு திரும்பி வந்தார்கள்.

பாடசாலைக் கதவு இவர்களுக்குச் சட்டப்படி திறந்த வரலாறும் உண்டு. 1975இல் டெக்சாஸ் மாநிலம், அனுமதியின்றி நாட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கு அரச பணம் கொடுப்பதில்லை என்று சட்டம் செய்தது. ரைலர் என்ற ஊரில் அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஆயிரம் டொலர் கட்டணம் கேட்கப்பட்டது. 1977இல் நான்கு குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றத்துக்குப் போனால் பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயத்தில், வீட்டுச் சாமான்களை எல்லாம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டே விடிகாலையில் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். எதை இழந்தாலும் பிள்ளை படிக்கட்டும் என்ற துணிவு அது. 1982இல் உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. குடிவரவு நிலையைக் காட்டி எந்தப் பிள்ளைக்கும் அரச பாடசாலையை மூட முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஒரு வாக்கு மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும்.

ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்தார்

ஹொசே ஹெர்னாண்டெஸ் 1962இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் மெக்சிக்கோவின் மிச்சோவகான் மாநிலத்தவர். தகப்பன் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். குடும்பம் ஆண்டில் ஒன்பது மாதமளவில் கலிபோர்னியாவில் வயலுக்கு வயல் நகரும், குளிர்காலத்தில் மெக்சிக்கோவுக்குத் திரும்பிவிடும். பிள்ளை பாடசாலைக்கு மாறி மாறிப் போனான். 12 வயதுவரை ஆங்கிலம் சரியாக வரவில்லை.

இரண்டாம் வகுப்பில் ஒரு நாள், மெக்சிக்கோவுக்குப் போகப்போகிறோம், இந்த மாதங்களுக்கான வீட்டுப் பாடத்தைத் தாருங்கள் என்று அவன் ஆசிரியையிடம் கேட்டான். பாடத்தைக் கொடுத்துவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். அப்படி இருக்காமல் வீட்டுக்கு வந்தார். ஏழைத் தொழிலாளியின் வீட்டில் அமர்ந்து, இந்தப் பிள்ளைகள் ஓரிடத்தில் இருந்து படித்தால் முன்னுக்கு வருவார்கள் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொன்னார். தகப்பன் கேட்டார். குடும்பம் ஸ்ரொக்ரன் நகரில் நிலைகொண்டது. வருமானம் கூடிவிடவில்லை. கிழமை இறுதியிலும் விடுமுறையிலும் பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள். ஆனால் பாடசாலை நாளில் பாடசாலை என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

வேலை முடிந்து களைத்து வாகனத்தில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்துத் தகப்பன், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், படிக்காவிட்டால் இதுதான் உங்கள் எதிர்காலம் என்ற கருத்தில் சொல்வாராம். 1972 டிசெம்பரில் வீட்டுத் தொலைக்காட்சியில் மனிதர் கடைசியாகச் சந்திரனில் நடந்ததைப் பார்த்த பத்து வயதுச் சிறுவன், நானும் அங்கே போவேன் என்றான். சிரிக்காமல், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கூட இருந்து யோசித்தவரும் அந்தத் தகப்பனே. மகன் பொறியியலாளராகி, விண்வெளிப் பயிற்சிக்குப் பதினொரு தரம் நிராகரிக்கப்பட்டு, பன்னிரண்டாம் தரம் 2004இல் தெரிவாகி, 2009 ஆகஸ்டில் டிஸ்கவரி விண்கலத்தில் பறந்தார்.

விண்வெளிக்குப் போனவரை மட்டும் சொல்லி முடித்தால் நாம் உண்மையில் பாதியை மறைத்தவர்களாவோம். அதே வயலில், அதே கெட்டித்தனத்தோடு நின்ற ஆயிரம் பிள்ளைகளின் வீட்டுக்கு எந்த ஆசிரியையும் வரவில்லை. அவர்கள் இடையில் படிப்பை விட்டார்கள், முதுகு மடிந்தார்கள். அது அவர்களின் சோம்பலால் வந்ததல்ல. ஒரு பிள்ளையின் வாழ்வு நல்ல மனிதர் ஒருவர் எதிர்ப்படுவதை மட்டுமே நம்பியிருக்கலாமா?

பிள்ளையோடு போகும் பதிவேடு

இந்தக் கேள்விக்குச் சில ஒழுங்கான விடைகளும் காணப்பட்டன. 1966இல் அமெரிக்க அரசு அலையும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கெனத் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. கோடை வகுப்பு, மொழி உதவி, முகாமுக்கே வரும் ஆசிரியர் என்பன அதன்வழி வந்தன. பிள்ளை எங்கே போனாலும் அதன் படிப்பும் தடுப்பூசிக் குறிப்பும் பின்னால் போக வேண்டும் என்று கண்டு, ஆர்கன்சோ மாநிலத்தின் லிற்றில் ரொக் நகரில் கணனி மையம் ஒன்றை அமைத்தார்கள். 1995இல் அது நிறுத்தப்பட்டது. பின்னர் அதே தேவைக்குப் புதிய முறை ஒன்று வந்தது. 1972இல், இத்தகைய பிள்ளைகளின் முதலாவது பல்கலைக்கழக ஆண்டுக்குக் கைகொடுக்கும் திட்டமும் ஆரம்பிக்கப்பட்டது.

வடக்குக்கும் தெற்குக்குமாக லொறியில் அலைந்த கிறிஸ்டல் சிற்றிக் குடும்பமொன்றில் 1935இல் பிறந்த தோமாஸ் ரிவேரா, எழுத்தாளராகி, 1979இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்துக்குத் தலைவரானார். 1984இல் காலமானார். அவ்வளாகத்தின் நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று காலம் மாறியுள்ளது. முன்புபோலக் குடும்பத்தோடு பயிருக்குப் பயிர் அலைவோர் குறைந்துவிட்டனர். பலர் ஓரிடத்தில் குடியமர்ந்துள்ளனர். ஆனால் கை மட்டும் போதும் என்ற பழைய ஏற்பாடு வேறு பெயரில் வளர்ந்திருக்கிறது. 1986இல் வகுக்கப்பட்ட தற்காலிக விவசாய அனுமதியின் கீழ் 2023இல் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வேலையிடங்கள் அங்கீகரிக்கப்பட்டன. அதில் வருவோர் பெரும்பாலும் மெக்சிக்க ஆண்கள். பிள்ளைகள் ஊரில். கடிதத்துக்குப் பதில் தொலைபேசித் திரையில் தகப்பனின் முகம் தெரிகிறது.

எரிந்த குறிப்புப் புத்தகம்

முடிக்குமுன் ஹிமெனெசின் நூலில் வரும் இன்னுமொரு நிகழ்ச்சியைச் சொல்வோம். சிறுவனிடம் நீல நிறத்தில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் இருந்தது. பாடசாலையில் கேட்ட ஆங்கிலச் சொற்களையும் கணித விதிகளையும் அதில் எழுதிச் சேட்டுப் பைக்குள் வைத்திருப்பான். பருத்தி பறிக்கும்போது எடுத்துப் பார்த்து மனனம் செய்வான். எத்தனை பாடசாலை மாறினாலும் அந்தப் புத்தகம் மாறவில்லை. ஒரு நாள் மண்ணெண்ணெய் அடுப்பிலிருந்து தீப்பற்றி வீடு எரிந்தது. புத்தகமும் போய்விட்டது. அழுது தீர்த்த பிறகுதான் அவனுக்கு ஒன்று புலப்பட்டது. அதில் எழுதியதெல்லாம் மனதில் அப்படியே இருந்தது.

வீடு எரிவதும் பெட்டி கட்டுவதும் பிள்ளையின் கையில் இல்லை. எங்கள் கையிலும் எப்போதும் இருப்பதில்லை. ஆயினும் சில காரியங்கள் எங்கள் கையில் உண்டு. ஓடும்போது எடுக்கும் பையில் அரிசியோடு பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் தேர்ச்சி அறிக்கையும் தடுப்பூசி அட்டையும் ஒரு கொப்பியும் இருக்கட்டும். புதிய ஊரில் முதல் வேலையாகப் பாடசாலை எது என்று கேட்போம். எமது வகுப்பில், எமது ஊரில் புதிதாக வந்து பின் வாங்கில் பேசாமல் இருக்கும் பிள்ளை யாருடையது என்று விசாரிப்போம். முடிந்தால் அதன் வீட்டுக்கு ஒரு தரம் போய் வருவோம். ஸ்ரொக்ரன் நகரில் அந்த ஆசிரியை செய்ததும் அவ்வளவுதான்.